கம்பெனி டைனமோவிலேயே ஆம்ப்ளிஃபையர்: கணக்கு முதல் கடைசி நட்டு வரை

சிக்னலில் நிற்கிறீர்கள். ஏசி ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. பாட்டில் தவில் விழும் ஒவ்வொரு அடிக்கும், முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரில் உங்கள் லைட் வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி விரிகிறது. இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினால் ஆம்ப் ஒரு விநாடி செத்து, மறுபடி உயிர் பெறுகிறது.

இதைக் கொண்டுபோய் யாரிடம் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில் வரும்: பேட்டரியை மாத்துங்க, கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கும் உருளை) போடுங்க, பெரிய டைனமோ போடுங்க. என் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் முதல் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். ஹெட்லைட் தாளம் போடுவது நிற்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டையும் டிக்கியையும் திறந்துவைத்துக்கொண்டு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். பேஸ் அடிக்கும்போது பேட்டரி முனையில் 13.4 வோல்ட், ஆம்ப் முனையில் 11.6. நடுவில் 1.8 வோல்ட்டைக் காணோம். டிக்கியில் எர்த் ஒயரை பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட் முடுக்கியிருந்தது. முடுக்கியது நான்தான், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. உப்புத்தாளும் அரை மணி நேரமும் போதுமானதாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் சொல்வது இதுதான்: 300 முதல் 500 வாட் வரை நிஜமான ஆர்.எம்.எஸ். பவர் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) கொண்ட ஆம்புக்குப் பெரும்பாலான சின்னக் கார்களின் கம்பெனி பேட்டரியும் டைனமோவும் போதும். போதாமல் போவது ஒயர், எர்த், கெயின் (ஆம்பில் சிக்னல் அளவைப் பொருத்தும் திருகு) இந்த மூன்றில்தான். (ஆல்டர்னேட்டரை நம் ஊர் பழக்கப்படி டைனமோ என்றே எழுதுகிறேன்.)

வாங்குவதற்கு முன் மூன்று அளவு

ஆம்பை வாங்கி வந்த பிறகு அளப்பதில் பயனில்லை. முதலில் வண்டி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல், பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு ஐட்லிங்கில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை. மூன்றாவதுதான் முக்கியம்: ஏசி, புளோயர் முழு வேகம், ஹெட்லைட் ஹைபீம், எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதே ஐட்லிங்கில் அளங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. ஆம்ப் இல்லாமலேயே 12.6-க்குக் கீழே வழுக்கினால், டைனமோ பெல்ட்டையும் பேட்டரி முனைகளையும் முதலில் கவனியுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த முனையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவித் தேய்த்தாலே பல வண்டிகள் தேறிவிடும்.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக டைனமோவை கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் வண்டிகள் இப்போது நிறைய. அவற்றில் ஓடும்போதே 12.8 காட்டும், ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.5-க்கு மேல் ஏறும். அது கோளாறு இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அது இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எர்த் போடும்போது தேவைப்படும்.

பெட்டியில் 3000 வாட், உள்ளே 30 ஆம்பியர் ஃபியூஸ்

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். ஆம்பைத் திருப்பி அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 30 × 14.4 = 432 வாட். அதுதான் அந்த ஆம்ப் தொடர்ந்து உள்ளே இழுக்கக்கூடிய மொத்தம். அதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். உள்ளே போவதே 432 என்னும்போது வெளியே 3000 எங்கிருந்து வரும்?

தர அளவுப்படி சொல்லும் கம்பெனிகள் 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், 1 சதவீதத்துக்கு மேல் ஒலி சிதையாமல் தரும் ஆர்.எம்.எஸ். பவரைப் போடுவார்கள். அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ஆர்.எம்.எஸ். வாட்டை ஆம்பின் திறனால் (உள்ளே இழுப்பதில் எத்தனை பங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது என்பதால்) வகுத்து, மறுபடி 13.8-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். கிளாஸ் என்பது ஆம்பின் உள் சுற்றின் வகை. டி கிளாஸ் ஆம்பின் திறன் சுமார் 80 சதவீதம். பழைய பாணி ஏபி கிளாஸுக்கு 50, 60-தான் தேறும். 400 வாட் டி கிளாஸ் மோனோ ஆம்ப் என்றால் 400 ÷ 0.8 = 500 வாட்; அதை 13.8-ஆல் வகுத்தால் 36 ஆம்பியர். அதே 400 வாட்டை ஏபி கிளாஸில் எடுத்தால் 48 முதல் 58 ஆம்பியர் வரை போகும். கம்பெனி டைனமோவோடு வாழப்போகிறவர் சப்வூஃபருக்கு (பேஸ் மட்டும் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கர்) டி கிளாஸ் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

36 ஆம்பியரும் எப்போதும் ஓடாது. பாட்டு என்பது அடியும் இடைவெளியும். சராசரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 ஆம்பியர்தான் இழுக்கும். உச்சம் 36-ஐத் தொடும் அந்தக் கண நேரத்துக்கு பேட்டரி கைகொடுக்கும்.

மறுபக்கம் வரவு. டைனமோ மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 70 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது வண்டி ஓடும்போது தருவது. ஐட்லிங்கில் ஏறக்குறைய பாதிதான். சித்திரை வெயிலில் சூடேறிய டைனமோ இன்னும் கொஞ்சம் குறையும். செலவு: ஃபியூவல் பம்ப், இக்னிஷன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 10 ஆம்பியர் சுமார், புளோயரும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடினால் 20, 25, இரண்டு 55 வாட் ஹாலஜன் பல்புக்கு 8. ஆக, டிராஃபிக்கில் ஏசியோடு நிற்கும்போது ஆம்ப் இல்லாமலேயே வரவும் செலவும் தொட்டுக்கொள்ளும். வண்டி நகர்ந்து 2000 ஆர்.பி.எம். தொட்டதும் 20 ஆம்பியருக்கு மேல் மிச்சம் வரும். 12 ஆம்பியர் சராசரிக்கு அது தாராளம். இதே கணக்கில் 1000 வாட்டைப் போட்டுப் பாருங்கள்: உச்சம் 90 ஆம்பியர். டைனமோவின் மொத்தத்தையும் தாண்டிவிட்டது. அங்கே இந்த வழிகாட்டி செல்லாது.

400-லிருந்து 800 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறார்கள். பவர் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க 10 டெசிபல் வேண்டும். கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் காசை நல்ல சப்வூஃபர் பெட்டிக்குக் கொடுத்தால் அதிகம் கேட்கும்.

ஒயர்: எடையைப் பாருங்கள்

வீட்டு மாடியில் 1000 லிட்டர் டேங்க் இருந்தும், கீழே இறங்கும் பைப் அரை இஞ்ச் என்றால் ஷவரில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். ஆம்புக்குப் போகும் ஒயர் அந்தப் பைப்.

சின்னக் காரில் பேட்டரியிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து போக 5 மீட்டர் பிடிக்கும். சுத்தமான செம்பில் 8 கேஜ், அதாவது எட்டரைக்குச் சற்றுக் குறைந்த சதுர மில்லிமீட்டர் ஒயரில், 36 ஆம்பியருக்கு 0.37 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. ஒயரில் அது 0.19 ஆகும். நான் போடுவது 16. எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வளையக்கூடிய, நுண்கம்பி நிறைந்த ஃப்ளெக்சிபிள் வகையாகக் கேளுங்கள்.

ரெடிமேட் கிட் என்று பளபளவென வரும் சிவப்பு ஒயர்களில் பெரும்பாலானவை அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. அதே தடிமனில் மின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். (மேலே வெள்ளை, உள்ளே செம்பு நிறம் என்றால் பயப்படாதீர்கள், அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு.) சுரண்ட விடமாட்டார் என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். செம்பு கனக்கும். இன்னொன்று, ரப்பர் உறை மட்டும் தடியாக இருந்து உள்ளே கம்பி மெலிந்திருக்கும் கிட்களும் உண்டு. வெட்டுமுகத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

மாட்டும் நாள்

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. பாசிட்டிவைத் தொடும் ஸ்பானர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாதிருக்கத்தான் இந்த வரிசை. கையில் மோதிரமோ காப்போ இருந்தால் கழற்றிவையுங்கள்.

அடுத்து, ஒயரை இன்ஜின் பக்கமிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள இரும்புச் சுவரில் ஏற்கெனவே ரப்பர் வாஷர் போட்ட ஓட்டை ஒன்று இருக்கும். அதில் சின்னதாகக் கீறி விடுங்கள். புது ஓட்டை போட்டால் ரப்பர் வாஷர் கட்டாயம். இரும்பு விளிம்பு ஆறே மாதத்தில் ஒயரின் தோலை அறுத்துவிடும். இன்ஜின் பக்கம் முழுவதும் கறுப்பு நெளிபைப் போட்டு, சூடான பாகங்களிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். உள்ளே கதவோரப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஓட்டலாம். அங்கே மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் ஒயரோ கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். ஏர்பேக் லைன் அது.

இப்போது மெயின் ஃபியூஸ். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் வர வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஆம்பின் ஃபியூஸ் ஆம்பைக் காக்கும். நடுவில் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் ஓடும் 5 மீட்டர் ஒயரை யார் காப்பது? எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் சிவந்து கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். 16 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் கட்டையை மாட்டிவிட்டு ஃபியூஸைச் செருகாமல் வையுங்கள். ஒயர் முனைகளுக்குச் செம்பு லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) போட்டு, பெரிய கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். டூல் இல்லையென்றால் எலக்ட்ரிக்கல் கடையிலேயே அழுத்தித் தருவார்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளையும் நீல-வெள்ளை ரிமோட் ஒயரையும் வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பை எழுப்புவதுதான் ரிமோட் ஒயரின் வேலை. அதில் லைட், ஃபேன் எதையும் தொங்கவிட வேண்டாம். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வசதியுள்ள ஆம்பைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து இணைத்தால் வாரண்டி சண்டை வராது.

ஆம்பை சப்வூஃபர் பெட்டியின் மேலேயே திருகுவதை நான் விரும்பமாட்டேன். அதிர்ந்து அதிர்ந்து திருகு லூஸாகும். டிக்கியில் தனிப் பலகை வைத்து, காற்றோட்டம் விட்டு முடுக்குங்கள். துளை போடுவதற்கு முன் குனிந்து வண்டிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். பின்சீட்டுக்கு அடியில்தான் பல கார்களில் பெட்ரோல் டேங்க்.

எர்த்

என்னைக் கவிழ்த்த இடம் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமன், நீளம் 45 செ.மீ.க்குள். டிக்கியில் பாடியோடு வெல்ட் ஆன கனமான தகடாகப் பாருங்கள். மெல்லிய தகடும், கீல் வைத்த பாகமும் வேண்டாம். சீட் பெல்ட் போல்ட்டும் வேண்டாம். அது உயிர் காக்கிற போல்ட், அதைக் கழற்றி லக்கைச் செருகி மாட்டுவது தப்பு. இடம் பிடித்ததும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் வண்டியின் நிறம் போகும், அடுத்து சாம்பல் நிறப் பிரைமர் வரும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், சாம்பல் நிறத்தை இரும்பு என்று நினைத்துக்கொண்டு. நிற்காதீர்கள். கண்ணாடி மாதிரி பளிச்சென்று வெள்ளி நிறம் வரும் வரை தேய்த்தால்தான் உலோகம். லக்கை வைத்து, பல் வாஷர் போட்டு, நட்டும் போல்ட்டுமாக இறுக்கி, மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசுங்கள். பூசாமல் விட்டால் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள வண்டியா? ஆம்பின் எர்த்தை நேராக பேட்டரி முனைக்குக் கொண்டுபோகாதீர்கள். பாடியில் போட்டால்தான் அந்த மின்சாரம் சென்சார் வழியாகப் போகும், கம்ப்யூட்டருக்கும் கணக்கு தெரியும்.

எல்லாம் முடிந்ததும் ஃபியூஸைச் செருகி, நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். சின்னதாக ஒரு பொறி தெறிக்கலாம். ஆம்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிறைவதுதான். பவர் விண்டோவின் ஒரே தட்டில் ஏறும் வசதி, கடிகாரம் போன்றவற்றை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.

கெயின்

கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. அதை முழுக்கத் திருப்பிவிட்டால் ஆம்ப் சீக்கிரமே உச்சத்தில் முட்டி, ஒலி அலையின் தலையை வெட்டும். வெட்டிய அலை கரண்டையும் தின்னும், வூஃபர் காயிலையும் கருக்கும்.

மல்டிமீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வையுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 2 ஓமில் 400 வாட் என்றால் 800-இன் வர்க்கமூலம், 28.3 வோல்ட். சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீரியோவில் ஈக்வலைசரை நடுவில் வைத்து, பேஸ் பூஸ்டை அணைத்து, வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றி 50 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். கெயினை மெல்லத் திருப்பி மீட்டர் 28 தொடும் இடத்தில் நிறுத்துங்கள். வேலை முடிந்தது.

ஆம்பில் இருக்கும் பேஸ் பூஸ்ட் திருகைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். அதை 6 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு பவர் கேட்கும். 400 வாட்டுக்குப் போட்ட கணக்கெல்லாம் அங்கேயே உடையும்.

சரிபார்ப்பு

சப்வூஃபரை மாட்டிவிட்டு, பேஸ் நிறைந்த பாட்டைச் சத்தமாக ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நீண்ட ஒயர் மூலம் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் பாசிட்டிவிலும் வைத்தால், வழியில் தொலைகிற வோல்ட் நேராகவே காட்டும். 0.3-க்கு மேல் போனால் லக்கையும் ஃபியூஸ் கட்டையையும் பாருங்கள். அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் இடையே; அங்கே 0.1, 0.2-ஐத் தாண்டக் கூடாது. இருபது நிமிடம் கழித்து ஃபியூஸ் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் எங்கோ லூஸ். கரண்டை அளக்க டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டர்) வாங்குகிறவர்கள் டிசி ஆம்பியர் அளக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை வீட்டு மாறுதிசை கரண்டை மட்டும்தான் அளக்கும்.

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று ஏறி இறங்கும் சத்தம் வந்தால், ஆம்பிலிருந்து ஆர்சிஏ கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் ஸ்டீரியோ பக்கத்து எர்த்திலோ கேபிளிலோ.

இவ்வளவுக்குப் பிறகும் லைட் மங்கினால்

கெப்பாசிட்டர் வாங்கக் கிளம்பாதீர்கள். 1 ஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 36 ஆம்பியர் இழுத்தால் ஒரு வோல்ட் சரிய ஆகும் நேரம் 28 மில்லி விநாடி. ஒரு தவிலடியின் ஓசை அதைவிட நீளம். அப்புறம் அதை நிரப்பவும் அதே டைனமோதான் உழைக்க வேண்டும். நான் வாங்கியது இன்னும் பரணில் இருக்கிறது.

செய்ய வேண்டியது, மூன்று ஒயர்களுக்குத் துணை ஒயர் போடுவது: டைனமோவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு. பழைய ஒயரைக் கழற்ற வேண்டாம், கூடவே இன்னொன்று ஓட்டினால் போதும். டைனமோ ஒயருக்கும் ஃபியூஸ் வேண்டும், டைனமோவின் ஆம்பியரைவிடச் சற்று அதிகமாக. நெகட்டிவ் ஒயரை சென்சாருக்கு வண்டிப் பக்கம் சேருங்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் இந்த ஒரு வேலைக்கே நல்ல மாற்றம் தெரியும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பேட்டரி தட்டில் உட்காரக்கூடிய பெரிய பேட்டரி. அது தாங்கும் நேரத்தை நீட்டும், உற்பத்தியைக் கூட்டாது. டைனமோ மாற்றுவது கடைசி.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு பாட்டு கேட்கிறவர்களுக்கு: 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஸ்டீரியோவும் ஆம்பும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரத்திலேயே பாதி காலி. அதற்கு மேல் செல்ஃப் அடிக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். பாதி வரை அடிக்கடி காலியாக்கினால் இந்த வகை பேட்டரியின் ஆயுளே குறையும். அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

பூட்டி நிற்கும் வண்டியில், கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறங்கிய பிறகு, மொத்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் ரிமோட் ஒயரை நிரந்தர 12 வோல்ட்டில் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து எல்லா லக்கையும் போல்ட்டையும் இன்னொரு சுற்று முடுக்குங்கள். நுண்கம்பி ஒயர் அழுத்தத்தில் படிந்து இளகும். எனக்கு எர்த் போல்ட் கால் சுற்று கூடுதலாகப் போனது.